வட்டி ஏத்தியும் அடங்கல, செலவு பண்ணியும் எழும்பல: எகானமி இடறும்போது அறிகுறி பாத்து சரி பண்ற வழி

எகானமி சரியில்லன்னு பேச்சு வந்தா எல்லாரும் முதல்ல கேக்குறது "வட்டியை ஏத்தணுமா இறக்கணுமா". அது பாதி கேள்விதான். கையில ரெண்டு லீவர் இருக்கு, ஒன்னு சென்ட்ரல் பேங்க் வச்சிருக்குற வட்டியும் பணப்புழக்கமும், இன்னொன்னு அரசாங்கம் வச்சிருக்குற வரியும் செலவும். பட்ஜெட் இறுக்கமா இருக்குற நாட்டுல 6% வட்டி ஒரு வேலை செய்யும், பட்ஜெட்டை அவுத்து விட்ட நாட்டுல அதே 6% வேற வேலை செய்யும். நான் படிச்சு பாத்த வரைக்கும் மருந்தோட அளவு தப்பி வந்த சொதப்பலை விட வண்டியில பூட்டின ரெண்டு மாடும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து வந்த சொதப்பல்தான் அதிகம்.

கீழ அறிகுறி வாரியா எழுதியிருக்கேன், உங்களுக்கு வேண்டியது எதுவோ அங்க நேரா போயிடலாம், ஆனா இந்த முதல் பகுதியை மட்டும் தாண்டிடாதீங்க.

கை வைக்கிறதுக்கு முன்னாடி: மீட்டர் என்ன காட்டுது?

வட்டின்னா அறிவிச்ச நம்பரை பாக்காதீங்க. அதுலேருந்து பணவீக்கத்தை கழிச்சா வர்ற நிஜ வட்டிதான் கணக்கு. வட்டி 12%, விலைவாசி 15% ஏறுதுன்னா கடன் வாங்குறவனுக்கு சும்மா 3% குடுக்குறோம்னு அர்த்தம், பேப்பர்ல "கடுமையான வட்டி"ன்னு தலைப்பு போட்டிருந்தாலும்.

பட்ஜெட்ல மொத்தப் பற்றாக்குறையை மட்டும் பாத்து முடிவு பண்ணா ஏமாந்துடுவீங்க. மந்தம் வந்தா யாரும் எதுவும் பண்ணாமலே வரி வசூல் விழும், வேலை போனவங்களுக்கான உதவித்தொகை ஏறும், பற்றாக்குறை தானா பெருசாகும். நல்ல காலத்துல நேர் எதிரா நடக்கும், பற்றாக்குறை தானா சுருங்கி நிதி அமைச்சர் கெட்டிக்காரர் மாதிரி தெரிவார். அதனால வட்டிச் செலவை எடுத்துடுங்க, மந்தத்தால தானா வந்ததையும் எடுத்துடுங்க, மீதி இருக்குறது போன வருஷத்தை விட கூடியிருக்கா குறைஞ்சிருக்கான்னு பாருங்க. கூடியிருந்தா பட்ஜெட் ஆக்சிலரேட்டர்ல கால் வச்சிருக்கு, குறைஞ்சிருந்தா பிரேக்ல.

மூணாவது வெளிக்கணக்கு, அதாவது நடப்புக் கணக்குல (ஏற்றுமதி, இறக்குமதி மாதிரி வெளிநாட்டோட நடக்குற வரவு செலவு) எவ்வளவு பள்ளம், அதை யாரோட பணம் மூடுது, டாலர் கையிருப்பு எத்தனை மாச இறக்குமதிக்கு தாங்கும். நாலாவது 10 வருஷம், 30 வருஷம் பாண்டோட (அரசாங்கக் கடன்பத்திரம்) யீல்டு, அதாவது அதை இன்னைக்கு விலைக்கு வாங்கினா கிடைக்குற வட்டி, பாண்ட் விலை விழுந்தா யீல்டு ஏறும். குறுகிய கால வட்டியை சென்ட்ரல் பேங்க் வைக்கும், நீண்ட கால வட்டியை பெரும்பாலும் மார்க்கெட் வைக்கும். ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி திடீர்னு விரிஞ்சா மார்க்கெட் பட்ஜெட்டை பாத்து ஏதோ முணுமுணுக்குதுன்னு வச்சுக்கலாம்.

இன்னொன்னு, எத்தனை இலக்கு இருக்கோ அத்தனை கருவி வேணும்னு யான் டின்பெர்கன் சொன்னது (பொருளாதாரத்துக்கு 1969ல குடுத்த முதல் நோபல் அவருக்கும் ராக்னர் ஃப்ரிஷ்க்கும்தான்). உள்ளூர்ல வேலையும் விலைவாசியும் சமநிலைல இருக்கணும், வெளிக்கணக்கும் சமநிலைல இருக்கணும்னா அது ரெண்டு இலக்கு. ஒரே லீவரை வச்சு ரெண்டையும் பிடிக்கப் பாத்தா எதாவது ஒன்னு நழுவும்.

அறிகுறி: வட்டியை ஏத்திக்கிட்டே இருக்காங்க, விலைவாசி இறங்க மாட்டேங்குது

அடிக்கடி வர்ற கேஸ் இது, அதனால கொஞ்சம் நிதானமா பாப்போம்.

முதல்ல நிஜ வட்டியை போட்டு பாருங்க. துருக்கில 2021 செப்டம்பர்ல பாலிசி வட்டி (சென்ட்ரல் பேங்க் அறிவிக்கிற வட்டி) 19%, பணவீக்கமும் கிட்டத்தட்ட அதே அளவு. அங்கிருந்து வட்டியை குறைக்க ஆரம்பிச்சு டிசம்பருக்குள்ள 14% ஆக்கினாங்க, 2022 அக்டோபர்ல பணவீக்கம் 85% தாண்டி நின்னப்போ வட்டி 10.5%. அப்புறம் ஆள் மாத்தி, 2023 ஜூன்ல ஒரே மீட்டிங்ல 8.5%லேருந்து 15% ஆக்கினாங்க, கிட்டத்தட்ட டபுள், கேக்க பயங்கரமா இருக்கு, ஆனா பணவீக்கம் அப்போ 38% கிட்ட இருந்துச்சு, அதாவது நிஜ வட்டி இன்னும் பூஜ்யத்துக்கு கீழ 23 புள்ளி. 2024 மார்ச்ல 50% வரைக்கும் கொண்டு போனதுக்கப்புறமும் மே மாசம் பணவீக்கம் 75% தொட்டுட்டுதான் இறங்க ஆரம்பிச்சுது. "ஏத்தியும் அடங்கல"ன்னு புலம்புற பாதி கேஸ்ல நிஜமா இன்னும் ஏத்தவே ஆரம்பிக்கல. பொருளாதார நிபுணர் ஜான் டெய்லர் 1993ல போட்ட விதியோட சாரமும் இதுதான், பணவீக்கம் 1 புள்ளி ஏறினா வட்டி 1.5 புள்ளி ஏறணும், கூடவே 1 புள்ளி மட்டும் ஏத்தினா நின்ன இடத்துலயே நிக்குறீங்க.

நிஜ வட்டி நல்லா மேலதான் இருக்கு, ஆனாலும் அடங்கலன்னா அடுத்த லீவரை பாருங்க. அமெரிக்கால 2021 மார்ச்ல 1.9 டிரில்லியன் டாலர் நிவாரணத் திட்டம் போட்டாங்க, ஃபெட் (அமெரிக்காவோட சென்ட்ரல் பேங்க்) வட்டி அப்போ பூஜ்யத்தை ஒட்டி இருந்துச்சு, அது அடுத்த வருஷம் மார்ச் வரைக்கும் அசையல. 2022 ஜூன்ல பணவீக்கம் 9.1%. சரக்கு வரத்து முடங்கினது எவ்வளவு, இந்தப் பணம் எவ்வளவுன்னு இன்னும் சண்டை ஓடுது, ரெண்டும்தான்னு நான் நினைக்கிறேன். அதுக்கப்புறம் ஃபெட் 2023 ஜூலைக்குள்ள 5.25-5.5% வரைக்கும் ஏத்துச்சு, அதே வருஷம் வேலையில்லாதவங்க 4%க்கும் கீழ இருக்கும்போதே பட்ஜெட் பற்றாக்குறை ஜிடிபில (நாட்டோட ஒரு வருஷ மொத்த உற்பத்தி) 6% மேல. வேலை நிறைஞ்சு கிடக்குற காலத்துல அவ்வளவு பெரிய பற்றாக்குறை வழக்கமில்ல. பணவீக்கம் இறங்கத்தான் செஞ்சுது, ஆனா பட்ஜெட்டும் கூட இழுத்திருந்தா அவ்வளவு உயரத்துல வட்டியை அவ்வளவு நாள் வச்சிருக்க வேண்டி வந்திருக்காதுன்னு தோணுது.

என்ன பண்ணணும்: பட்ஜெட்டை ஜிடிபில 1, 2 புள்ளி இறுக்குங்க, வெட்டும்போது ரோடு, மின்சாரம் மாதிரி நாளைக்கு உற்பத்தி கூட்டுற செலவுல கை வைக்காதீங்க, அதைத்தான் எல்லாரும் முதல்ல வெட்டுவாங்க, ஏன்னா கத்துறதுக்கு ஆள் இல்ல. வட்டியை அப்படியே பிடிச்சு வைங்க, மேல மேல ஏத்த வேணாம்.

ரெண்டுமே இறுக்கமா இருந்தும் அடங்கலன்னா கடைசியா கடன் கணக்கை பாக்கணும். அது கீழ நோட்டு அடிக்கிற பகுதில இருக்கு.

அறிகுறி: விலைவாசி அடங்கிடுச்சு, ஆனா கரன்சி தேவையில்லாம பலமாகி ஃபேக்டரி எல்லாம் மூடுது

பட்ஜெட் தளர்ந்து, வட்டி இறுகி இருக்குற காம்பினேஷனோட கையெழுத்து இது. அரசாங்கம் கடன் வாங்கி செலவு பண்ணுது, சென்ட்ரல் பேங்க் அதை ஈடுகட்ட வட்டியை ஏத்துது, வட்டிக்காக வெளிநாட்டுப் பணம் உள்ள வருது, கரன்சி ஏறுது, ஏற்றுமதி பண்றவன் விலை கட்டாம படுத்துடுறான். பட்ஜெட்லயும் பள்ளம், வெளிக்கணக்குலயும் பள்ளம்.

பால் வோல்கர் 1979 ஆகஸ்ட்ல ஃபெட் தலைவரா வந்து 1981ல வட்டியை 19% வரைக்கும் கொண்டு போனார். அதே 1981ல ரீகன் பெரிய வரிக்குறைப்பு போட்டார், ராணுவச் செலவையும் ஏத்தினார். பணவீக்கம் 1980 மார்ச்ல 14.8% இருந்தது 1983ல 3% பக்கம் வந்துடுச்சு, அந்த விதத்துல வெற்றிதான். ஆனா 1982 கடைசில வேலையில்லாதவங்க 10.8%, டாலர் 1985 ஆரம்பம் வரைக்கும் ஏறிக்கிட்டே போச்சு, ஸ்டீல், கார் தொழில் எல்லாம் அடி வாங்குச்சு, கடைசில 1985 செப்டம்பர்ல நியூயார்க் பிளாசா ஹோட்டல்ல அஞ்சு நாடு உக்காந்து டாலரை இறக்கலாம்னு ஒப்பந்தம் போட வேண்டி வந்துச்சு. அமெரிக்கா வட்டி ஏறினதுல டாலர்ல கடன் வாங்கியிருந்த மெக்சிகோ 1982 ஆகஸ்ட்ல கட்ட முடியலன்னு கையை விரிச்சுது, ஒரு நாட்டோட தப்பான காம்பினேஷனுக்கு பில் பக்கத்து நாட்டுக்கும் போகும்.

சரி பண்ற விதம் காம்பினேஷனை திருப்பிப் போடுறது, பட்ஜெட்டை இறுக்கி வட்டியை இறக்குறது. மொத்த டிமாண்ட் அதே அளவுல இருக்கும், ஆனா அது அரசாங்கச் செலவுலேருந்து தனியார் முதலீட்டுக்கும் ஏற்றுமதிக்கும் நகரும். 1993ல கிளிண்டன் வரியை ஏத்தி பற்றாக்குறையை குறைக்கிற பட்ஜெட் கொண்டு வந்தப்போ அந்த வருஷம் நீண்ட கால வட்டி இறங்குச்சு, 1998ல பட்ஜெட் உபரிக்கே வந்துடுச்சு. அந்தக் காலத்து டெக்னாலஜி அலைக்கும் இதுல பெரிய பங்கு இருக்கு, எல்லாத்தையும் பட்ஜெட் கணக்குல எழுத முடியாது.

வரிசை முக்கியம். பட்ஜெட் இறுக்கம் நிஜமா சட்டமாகி நடைமுறைக்கு வந்தப்புறம் வட்டியை இறக்கணும், "அடுத்த வருஷம் குறைப்போம்"ன்ற வாக்குறுதியை நம்பி முன்கூட்டியே இறக்கினா ரெண்டு லீவரும் தளர்ந்த நிலைல மாட்டிக்குவீங்க.

அறிகுறி: வட்டி பூஜ்யம், ஆனாலும் யாரும் கடன் வாங்கல, முதலீடு இல்ல

கயிறை வச்சு இழுக்கலாம், தள்ள முடியாது. எல்லாரும் பழைய கடனை அடைக்கிறதுல இருந்தா வட்டி சும்மா குடுத்தாலும் எவனும் வாங்க மாட்டான். இங்க பட்ஜெட்தான் முன்னாடி போகணும், சென்ட்ரல் பேங்க் பின்னாடி நின்னு பாண்ட் வாங்கி நீண்ட கால வட்டி ஏறாம பாத்துக்கணும். வழக்கமா அரசாங்கம் கடன் வாங்கினா வட்டி ஏறி தனியார் முதலீட்டை நசுக்கும்னு பயப்படுவோம், இந்த நிலைமைல அந்த பயம் ரொம்ப கம்மி, ஏன்னா நசுக்குறதுக்கு தனியார் முதலீடே அங்க இல்ல.

இங்க நடக்குற முக்கியமான தப்பு ஸ்டார்ட் பண்றதுல இல்ல, சீக்கிரம் நிறுத்துறதுல. அமெரிக்கா 1933லேருந்து நல்லா எழும்பிக்கிட்டு வந்துச்சு, 1937ல சம்பளத்துல பிடிக்கிற புது பேரோல் வரி வசூல் ஆரம்பிச்சு அதுக்கு முந்தின வருஷத்து பெரிய செலவும் நின்னுபோச்சு, அதே நேரத்துல ஃபெட், பேங்குகள் கட்டாயமா ஒதுக்கி வைக்க வேண்டிய கையிருப்பு விகிதத்தை 1936 ஆகஸ்ட்லேருந்து 1937 மேக்குள்ள படிப்படியா டபுள் ஆக்குச்சு, ரெண்டு லீவரும் சேந்தே பிரேக், எகானமி 1938 நடு வரைக்கும் மறுபடி விழுந்துச்சு. ஜப்பான் 1997 ஏப்ரல்ல விற்பனை வரியை 3லேருந்து 5% ஆக்குச்சு, கொஞ்ச நாள்ல மந்தம், பேங்குகள் திவால். 2013ல சென்ட்ரல் பேங்க் மலை மலையா பாண்ட் வாங்க ஆரம்பிச்சுது, 2014 ஏப்ரல்ல அரசாங்கம் அதே வரியை 8% ஆக்குச்சு, ஒரு கால் ஆக்சிலரேட்டர்ல இன்னொரு கால் பிரேக்ல. வாங்கிச் செலவு பண்றது அந்தக் காலாண்டுல சடார்னு விழுந்து, அக்டோபர் கடைசில சென்ட்ரல் பேங்க் பாண்ட் வாங்குறதை இன்னும் கூட்ட வேண்டி வந்துச்சு.

எப்போ நிறுத்தலாம்னு கேட்டா, தனியார் கடன் மறுபடி வளர ஆரம்பிச்சு, சம்பளம் ஏற ஆரம்பிச்சு, அது ரெண்டும் சில காலாண்டுக்கு நின்னா மட்டும். ஒரு நல்ல காலாண்டை பாத்துட்டு பட்ஜெட்டை இறுக்காதீங்க. இறுக்கும்போதும் ஒரு லீவர் மட்டும், இன்னொன்னு தளர்வாவே இருக்கட்டும்.

அறிகுறி: வேலை இல்ல, அதே சமயம் டாலர் கையிருப்பும் கரையுது

நாலு மூலைல மோசமான மூலை இது. ட்ரெவர் ஸ்வான்னு ஒரு ஆஸ்திரேலியக்காரர் 1955ல ஒரு படம் போட்டார், உள்ளூர் சமநிலை ஒரு கோடு, வெளிச் சமநிலை ஒரு கோடு, ரெண்டும் வெட்டிக்கிட்டு நாலு பகுதி. விலைவாசி ஏறுது வெளிக்கணக்குல பள்ளம்னா ரெண்டு லீவரையும் இறுக்கு, வேலை இல்ல வெளிக்கணக்குல உபரின்னா ரெண்டையும் தளர்த்து, அது சுலபம். வேலை இல்ல, வெளியிலயும் பள்ளம்னா வேலைக்காக தளர்த்தினா இறக்குமதி கூடி டாலர் போகும், டாலருக்காக இறுக்கினா இன்னும் வேலை போகும்.

கரன்சியை ஒரே விலைல கட்டி வச்சிருந்தா ராபர்ட் முண்டெல் 1962ல சொன்ன பங்கு பிரிப்பு ஒரு வழி, வட்டியை ஏத்தி வெளிப்பணத்தை இழுத்து வெளிக்கணக்கை பாத்துக்க, பட்ஜெட்டை தளர்த்தி உள்ளூர் வேலையை பாத்துக்க. புத்திசாலித்தனமான யோசனை, ஆனா ஒன்னை மறக்கக் கூடாது, வட்டிக்கு வர்ற பணம் கடன். அது பள்ளத்தை மூடி வைக்குதே தவிர ஏற்றுமதியை ஒரு ரூபா கூட கூட்டாது. ஒன்னு ரெண்டு வருஷத்துக்கு மேல இதை நம்பினா அந்தப் பணம் ஒரே நாள்ல கிளம்பும்போது முழு வீடும் இடியும்.

கரன்சியும் அசையக் கூடாது, பணமும் தாராளமா போய் வரணும், வட்டியையும் நம்ம இஷ்டத்துக்கு வைக்கணும்னா நடக்காது, கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசைன்னு ஆயிடும். பிரிட்டன் 1990 அக்டோபர்ல பவுண்டை ஜெர்மன் மார்க்கோட கட்டுச்சு. ஜெர்மனி ரெண்டும் ஒன்னானதுல அங்க பட்ஜெட் தாறுமாறா தளர்ந்துச்சு, விலைவாசிக்கு பயந்து ஜெர்மன் சென்ட்ரல் பேங்க் பூண்டஸ்பேங்க் வட்டியை ஏத்துச்சு, 1992 ஜூலைல டிஸ்கவுண்ட் வட்டி 8.75%. மந்தத்துல கிடந்த பிரிட்டன் வட்டியை இறக்க முடியாம தவிச்சுது. 1992 செப்டம்பர் 16, காலைல 10%லேருந்து 12%, மதியம் நாளைலேருந்து 15%னு அறிவிப்பு, சாயங்காலம் எல்லாத்தையும் விட்டுட்டு வெளிய வந்துட்டாங்க, அந்த 15% அமலுக்கே வரல. அவமானம்னு அன்னைக்கு எழுதினாங்க. அதுக்கப்புறம் நடந்ததை பாருங்க, பவுண்டு விழுந்துச்சு, 1993 ஜனவரிக்குள்ள வட்டி 6%, 1993ல ரெண்டு பட்ஜெட்லயும் வரியை ஏத்தினாங்க. மலிவான கரன்சி, இறங்கின வட்டி, இறுக்கமான பட்ஜெட், எகானமி எழும்பிடுச்சு, விலைவாசியும் வெடிக்கல. யாரும் திட்டம் போட்டு செய்யல, கீழ விழுந்த இடத்துல சரியான காம்பினேஷன் கிடந்துச்சு.

ஆக இந்த மூலைல மாட்டினா கரன்சியை விடுங்கன்றதுதான் என் பதில், ஆனா டாலர் கடன் நாட்டுக்குள்ள எவ்வளவு இருக்குன்னு எண்ணிட்டு விடுங்க. கம்பெனிகளும் பேங்கும் டாலர்ல கடன் வாங்கி உள்ளூர் கரன்சில சம்பாதிக்குதுன்னா கரன்சி விழும்போது ஏற்றுமதி எழும்புறதுக்கு முன்னாடி அவங்க திவால் ஆயிடுவாங்க.

அறிகுறி: பட்ஜெட் அறிவிச்ச மறுநாளே பாண்ட் யீல்டு எகிறுது

2022 செப்டம்பர் பிரிட்டனை நாள் நாளா பாருங்க, பாடப்புத்தகம் தேவையே இல்ல. 22ஆம் தேதி பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டியை அரை புள்ளி ஏத்தி 2.25% ஆக்குது, கையில இருக்குற பாண்டையும் விக்கப் போறோம்னு சொல்லுது, அதாவது இறுக்கம். 23ஆம் தேதி நிதி அமைச்சர் குவாசி குவார்டெங் சுமார் 45 பில்லியன் பவுண்டு வரிக்குறைப்பு அறிவிக்கிறார், பணம் எங்கேருந்துன்னு கணக்கு இல்ல, வழக்கமா கூட வர்ற சுயேச்சையான மதிப்பீடும் இல்ல. 26 காலைல பவுண்டு டாலருக்கு எதிரா இதுவரை இல்லாத தாழ்வு, 1.03 பக்கம். 28ஆம் தேதி 30 வருஷ பாண்ட் யீல்டு 5% தாண்டுது, கடன் போட்டு பாண்ட்ல விளையாடின பென்ஷன் ஃபண்டுகள் மார்ஜின் (கடனுக்கு ஈடா கூடுதலா கட்ட வேண்டிய பணம்) கட்ட பாண்டை விக்குது, வித்தா விலை விழுது, விழுந்தா இன்னும் மார்ஜின். ஆறு நாள் முன்னாடி விக்கப் போறேன்னு சொன்ன அதே பேங்க் இப்போ வாங்க வேண்டி வருது. அக்டோபர் 14 நிதி அமைச்சர் பதவி போச்சு, 17ஆம் தேதி புது அமைச்சர் வரிக்குறைப்பு பெரும்பாலானதை வாபஸ் வாங்கினார், 20ஆம் தேதி பிரதமர் லிஸ் டிரஸ் ராஜினாமா.

இதுல கத்துக்க வேண்டியது பேங்க் செஞ்ச வைத்தியம். எவ்வளவு நாள் வாங்குவோம்னு முதல் நாளே தேதி சொன்னாங்க, அக்டோபர் 14. விலை விழுறது தானா சுத்துற சுழலா மாறினதை நிறுத்துறது மட்டும்தான் வேலை, பட்ஜெட்டுக்கு பணம் குடுக்குறது இல்லன்னு தெளிவா காட்டினாங்க, நவம்பர்ல விக்கவும் ஆரம்பிச்சாங்க. உங்க கேஸ்லயும் பாண்ட் ஓடுதுன்னா, மார்க்கெட் குழாய் அடைப்பா இல்ல பட்ஜெட் மேல நம்பிக்கை போச்சான்னு பிரிங்க. அடைப்புக்கு சென்ட்ரல் பேங்க் தேதி போட்டு வாங்கலாம், நம்பிக்கை போனதுக்கு பட்ஜெட்டைத்தான் திருத்தணும், ரெண்டாவதுக்கு முதல் மருந்தை குடுத்தா கரன்சி வழியா ஓடும்.

அறிகுறி: கஜானா காலி, சென்ட்ரல் பேங்க் நோட்டு அடிச்சு குடுக்குது

முதல்ல ஒரு சின்ன கணக்கு, பேப்பர் எடுத்து போட்டு பாருங்க. கடன் ஜிடிபில 80%, சராசரி வட்டி 9%, ஜிடிபி வளர்ச்சி விலையேற்றத்தோட சேத்து 6%. வித்தியாசம் 3 புள்ளி, 80ல 3% கிட்டத்தட்ட 2.4. அதாவது வட்டியை தவிர்த்து மத்த எல்லா வரவு செலவுலயும் ஜிடிபில 2.4% உபரி வச்சாத்தான் கடன் நின்ன இடத்துல நிக்கும். நீங்க உபரிக்கு பதிலா 2% பற்றாக்குறைல இருக்கீங்கன்னா கடன் வருஷத்துக்கு 4.4 புள்ளி ஏறும். இப்போ பணவீக்கத்துக்காக சென்ட்ரல் பேங்க் வட்டியை 3 புள்ளி ஏத்துது, பழைய கடன் எல்லாம் புது வட்டிக்கு மாறினதும் தேவைப்படுற உபரி 4.8 ஆயிடும். கடனுக்கு கட்டுற வட்டியையும் கடன் வாங்கியே கட்டுறதா எல்லாரும் புரிஞ்சுக்கிட்டா, வட்டி ஏத்தினது நாளைக்கு நோட்டு அடிக்கத்தான்னு கணக்கு போடுவாங்க, கரன்சி விழும், விலைவாசி ஏறும். பொருளாதார நிபுணர்கள் சார்ஜென்ட், வாலஸ் ரெண்டு பேரும் 1981ல இதோட ஒரு வடிவத்தை எழுதி வச்சாங்க. மேல "ரெண்டும் இறுக்கமா இருந்தும் அடங்கல"ன்னு விட்ட கேஸ் இங்க வந்து சேருது.

இலங்கை இதை முழுசா வாழ்ந்து பாத்துச்சு. 2019 டிசம்பர்ல வாட் வரியை 15%லேருந்து 8% ஆக்கினாங்க, வேற வரியும் குறைஞ்சுது, அரசாங்க வருமானம் ஜிடிபில 10%க்கு கீழ விழுந்துச்சு, மீதியை சென்ட்ரல் பேங்க் மூடுச்சு, டாலருக்கு 200 ரூபா சுமாருக்கு கட்டியும் வச்சிருந்தாங்க. 2022 மார்ச்ல கட்டை அவுத்ததும் ரெண்டே மாசத்துல 350 தாண்டிடுச்சு. ஏப்ரல் 8 வட்டியை ஒரே அடியா 7 புள்ளி ஏத்தினாங்க, ஏப்ரல் 12 வெளிநாட்டுக் கடன் கட்டுறதை நிறுத்துறோம்னு அறிவிப்பு, செப்டம்பர்ல பணவீக்கம் 70% கிட்ட. அப்புறம் வாட் படிப்படியா திரும்ப ஏறி 2024 ஜனவரில 18%, 2023 மார்ச்ல சுமார் 3 பில்லியன் டாலர் ஐஎம்எஃப் திட்டம், அரசாங்கத்துக்கு நேரா பணம் அடிச்சு குடுக்கக் கூடாதுன்னு அதே வருஷம் சென்ட்ரல் பேங்குக்கு புதுச் சட்டம். 2023 ஜூலைல பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு வந்துடுச்சு. சனங்க பட்ட பாடு இந்த நம்பர்ல தெரியாது, வேலை இருந்தும் சம்பளத்தோட பாதி மதிப்பு கரைஞ்சு போச்சு.

இந்த நிலைமைல வரிசை தலைகீழ். வட்டியை மட்டும் தனியா ஏத்தாதீங்க, வருமானத்தை உயர்த்துற வரி, கடனை மறுசீரமைக்கிற பேச்சு, நோட்டு அடிக்கிறதை நிறுத்துற சட்டம், இது மூணும் கூடவே வரணும். பட்ஜெட் பக்கம் நம்புற மாதிரி ஆனப்புறம் வட்டி தானா இறங்க இடம் கிடைக்கும்.

அறிகுறி: அரசாங்கக் கணக்கு சுத்தமா இருக்கு, ஆனா வீட்டு விலை எகிறுது

ஸ்பெயின் 2005லேருந்து 2007 வரைக்கும் பட்ஜெட் உபரி, 2007ல கடன் ஜிடிபில 40%க்கும் கீழ, பாத்தா மாடல் ஸ்டூடண்ட். வட்டியை யூரோ முழுசுக்கும் சேத்து பிராங்க்ஃபர்ட்ல இருக்குற ஐரோப்பிய சென்ட்ரல் பேங்க்தான் வைக்கும், 2003 ஜூன்லேருந்து 2005 டிசம்பர் வரைக்கும் 2%, ஸ்பெயின் விலைவாசிக்கு அது நிஜத்துல பூஜ்யத்துக்கும் கீழ. கட்டட வேலை பெருகி வரி கொட்டுச்சு, அதுதான் உபரியா தெரிஞ்சுது. குமிழி உடைஞ்சதும் 2009ல பற்றாக்குறை ஜிடிபில 11% பக்கம், 2013ல வேலையில்லாதவங்க 26%. வட்டி லீவர் கையில இல்லாதவங்க பட்ஜெட்ல இன்னும் பெரிய உபரி வச்சிருக்கணும், அது அரசியல்ல நடக்குற காரியமான்னா கஷ்டம், அதனால வீட்டுக் கடன் எத்தனை சதவீதம் வரைக்கும் குடுக்கலாம்னு பேங்குகளை இறுக்குறதுதான் இங்க மூணாவது லீவர். வெளிக்கணக்கை அன்னைக்கே பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், 2007ல பள்ளம் ஜிடிபில 9% மேல.

அறிகுறி: எண்ணெய் விலையால மட்டும் விலைவாசி ஏறுது

1973 அக்டோபர்ல பேரல் 3 டாலர் பக்கம் இருந்த எண்ணெய் 1974 ஜனவரிக்குள்ள 12 டாலர் பக்கம் போச்சு. வட்டி ஏத்தினா எண்ணெய் ஊறாது. முதல் அலையை விட்டுடுங்க, சம்பளமும் மத்த விலையும் அதை துரத்த ஆரம்பிச்சா மட்டும் வட்டியை ஏத்துங்க. பட்ஜெட்ல எல்லாருக்கும் சேத்து விலையை அமுக்காம, தாங்க முடியாதவங்களுக்கு கையில பணமா குடுங்க. விலையை அமுக்கினா யாரும் குறைச்சு எரிக்க மாட்டாங்க, இறக்குமதி பில் அப்படியே நிக்கும்.

மாத்தினதுக்கு அப்புறம்

வட்டி மாத்தினா விலைவாசில முழுசா தெரிய ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும். பட்ஜெட்ல வரி, உதவித்தொகை சீக்கிரம் தெரியும், ரோடு பாலம் எல்லாம் டெண்டர் முடிஞ்சு வேலை ஆரம்பிக்கவே நாள் ஆகும். மூணு மாசத்துல கரன்சியையும் பாண்ட் யீல்டையும் பாருங்க, அதுங்க முதல்ல அசையும். ஆறு மாசத்துல புதுக் கடன் எவ்வளவு போகுதுன்னு பாருங்க. வேலையையும் விலைவாசியையும் ஒரு வருஷத்துக்கு முன்னாடி பாத்து தலையை பிச்சுக்காதீங்க, நடுவுல பொறுமை இல்லாம இன்னொரு முறை திருகினா எந்த லீவர் என்ன பண்ணுச்சுன்னு அப்புறம் உங்களுக்கே பிரிச்சு பாக்க முடியாது. யீல்டும் கரன்சியும் மூணு மாசத்துல எதிர்ப்பக்கம் போச்சுன்னா மட்டும் காத்திருக்காம மேல மீட்டர் பகுதிக்கு திரும்பப் போங்க, பெரும்பாலும் பட்ஜெட் நம்பரை தப்பா படிச்சிருப்பீங்க.